குழிமேட்டின் மேல் கோபுரம்

எங்கள் வளவுக்குத் தெற்கே ஒரு கல்லாங்குத்து இருக்கிறது. அங்கேதான் எங்கள் அப்பத்தாவைப் புதைத்தோம். அவளுக்கு முன்னால் அவள் மாமியாரை, அதற்கும் முன்னால் பேர் தெரியாத எத்தனையோ பேரை. குழிமேட்டுக்கு அடையாளம் தலைமாட்டில் நட்டுவைத்த ஒரு கல், அவ்வளவுதான். கல்லில் பேர் கிடையாது. பேர் வெட்டுவதற்கு எழுத்துத் தெரிந்தவர்கள் அன்றைக்கு எங்கள் வளவில் இல்லை. நான்தான் முதல். எம்.ஏ. தமிழில் கல்வெட்டியலையும் ஒரு பாடமாகப் படித்துத் தேறி ஊருக்கு வந்தேன். அப்பத்தா கல்லில் அவள் பேரை வெட்டிவிடலாம் என்று போனபோது கல்லே இல்லை. அந்த இடத்தில் உயரழுத்த மின்கோபுரத்தின் ஒரு கால் நிற்கிறது.

அளக்க வந்தவர்கள் போனில் பேசியதை ஆடு மேய்த்துக்கொண்டிருந்த என் சித்தப்பன் கேட்டிருக்கிறார். "இங்க ஒண்ணுமில்லைங்க சார், வெறும் பொறம்போக்கு." சித்தப்பன் கிட்டே போய், "ஏனுங்க சார், அது எங்க சனம் படுத்திருக்கிற எடமுங்க" என்று சொல்லியிருக்கிறார். "பட்டா இருக்குதா?" என்று கேட்டிருக்கிறார்கள். செத்தவர்களுக்கு யார் பட்டா கொடுத்தார்கள்? பதிவேட்டில் அந்த இடம் கல்லாங்குத்துப் புறம்போக்கு. சுடுகாடு என்று எந்தக் காலத்திலும் யாரும் எழுதவில்லை. ஊர்ச் சுடுகாடு எழுதப்பட்டிருக்கிறது. அதற்குச் சுற்றுச்சுவர் உண்டு, தண்ணீர்த் தொட்டி உண்டு. எங்கள் பிணம் அந்த வழியாகக்கூடப் போக முடியாது என்பது மட்டும் எழுதாத சட்டமாக இருக்கிறது.

"தோண்டறப்ப எலும்பு வந்துது கண்ணு. சாக்குல போட்டு அக்கட்டால பொதைச்சுப் போட்டாங்க" என்று எங்கம்மா சொன்னாள். அழாமல்தான் சொன்னாள். பக்கத்துத் தோப்புக்காரருக்குத் தென்னைக்கு இவ்வளவு, நிலத்துக்கு இவ்வளவு என்று காசோலை வந்தது. போதாது என்று அவர் கேஸ் போட்டிருக்கிறார். நியாயம்தான், போடட்டும். எங்களுக்கு ஒரு துண்டுக் கடிதாசிகூட வரவில்லை. அது காற்றாலை மின்சாரம் கொண்டுபோகிற ஒரு பாதை. எந்தக் கம்பெனி என்று எழுதப்போவதில்லை. கம்பெனியின் பேரை மாற்றிப் போட்டாலும் இந்தக் கதை மாறப்போவதில்லை.

'ஒண்ணுமில்லை' என்கிற அந்த ஒரு வார்த்தையைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த வார்த்தைக்குப் பின்னால் ஒரு சட்டம் இருக்கிறது. வெள்ளைக்காரன் 1885இல் தந்திக் கம்பி இழுப்பதற்காகப் போட்ட இந்தியத் தந்திச் சட்டம். யார் நிலத்தின் மேலும் கம்பி இழுக்கலாம், கம்பம் நடலாம். நிலத்தைக் கையகப்படுத்துவதில்லை, உபயோகிக்கும் உரிமையை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். தடுத்தால் மாவட்ட நிர்வாகம் உத்தரவு போடும். 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 164ஆம் பிரிவு, தந்திக்காரனின் அந்த அதிகாரத்தை மின்பாதைக்காரனுக்கும் கொடுக்க வழிசெய்தது. தந்தி செத்துப்போய்விட்டது. 2013இல் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். 2023இல் தொலைத்தொடர்புக்குப் புதுச் சட்டமும் வந்துவிட்டது. ஆனாலும் அந்தப் பழைய சட்டத்தில் நிலத்தில் நுழைகிற பகுதியை மட்டும் மின்பாதைகளுக்காகப் பத்திரமாகக் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். பாரம்பரியத்தைப் பாதுகாப்பது என்றால் என்ன என்று ஆட்சியாளர்களிடம்தான் கற்றுக்கொள்ள வேண்டும்!

கையகப்படுத்தல் இல்லை என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம், நிலத்துச் சொந்தக்காரனை மட்டும் பாதிக்கப்பட்டவனாகப் பார்க்கவில்லை. அந்த நிலத்தை நம்பிப் பிழைக்கிற குத்தகைக்காரனையும் கூலிக்காரனையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று கணக்கில் எடுக்கிறது. மின்பாதைக்கு அந்தக் கணக்கெடுப்பே நடப்பதில்லை. மத்திய மின்துறையின் 2015ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகள் கோபுரம் நிற்கும் இடத்துக்கு நில மதிப்பில் 85 சதவீதமும், கம்பிக்குக் கீழே உள்ள நிலத்துக்கு அதிகபட்சம் 15 சதவீதமும் தரச் சொன்னது. 2024 ஜூனில் அதை 200 சதவீதம், 30 சதவீதம் என்று உயர்த்தினார்கள். விவசாயிகள் போராடி வாங்கியது, நல்லது. ஆனால் எதன் சதவீதம்? நில மதிப்பின் சதவீதம். நிலமே இல்லாதவனுக்கு 200 சதவீதம் என்றாலும் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கின கதைதான்.

சுற்றுச்சூழல் பாதிப்பை மதிப்பிட 2006இல் ஓர் அறிவிக்கை வந்தது. எந்தெந்தத் திட்டங்களுக்கு முன் அனுமதி வேண்டும் என்ற அதன் பட்டியலில் மின்பாதை இல்லை. ஆகவே அதன்படியான பொதுவிசாரணையும் இல்லை. நினைவுச் சின்னங்களைக் காக்கிற சட்டம் ஒன்று 1958இலிருந்து இருக்கிறது. 2010இல் அதைத் திருத்தினார்கள். பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டுமானத் தடை, அதற்கு அப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. ஓட்டு வீட்டுக்கு மேல் ஒரு மாடி கட்ட ஏழை அலையாய் அலைவான். ஆனால் மக்களுக்கு மின்சாரம் வழங்குவதற்கான வேலைகளை, 'கட்டுமானம்' என்கிற சொல்லின் விளக்கத்திலிருந்தே அந்தச் சட்டம் விலக்கி வைத்திருக்கிறது. இதெல்லாம் பட்டியலில் ஏறிய சின்னங்களுக்கு. பட்டியலில் ஏறாத மண்ணுக்கு அதுகூட இல்லை.

பட்டியலில் ஏறுவது எது? கோயில் ஏறும், கோட்டை ஏறும், அரண்மனை ஏறும். தனித்தனிக் கட்டடமாக ஏறும். வயல், மேய்ச்சல்காடு, கிணறு, வண்டித்தடம், வளவு, குழிமேடு எல்லாம் சேர்ந்த ஒரு முழு நிலத்தை, சனங்கள் தலைமுறை தலைமுறையாக உழைத்து உண்டாக்கிய நிலத்தை, வரலாறு என்று ஏற்றிவைக்க நம் சட்டத்தில் ஒழுங்கான இடமே கிடையாது.

கொங்குப் பக்கம் வந்து பாருங்கள். நொய்யல் வடகரையில் கொடுமணல். தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1985இலிருந்து தோண்டியது. இரும்பு உருக்கிய உலைகள், கல்மணி செய்த பட்டறைகள், தமிழ் பிராமி எழுத்துப் பொறித்த நூற்றுக்கணக்கான பானை ஓடுகள், பெரிய பெரிய பலகைக் கற்களை நிறுத்திக் கட்டிய ஈமக்குழிகள். பதிற்றுப்பத்து சொல்கிற கொடுமணம் இதுதான் என்கிறார்கள். தோண்டுவதற்கு முன்னால் அது என்ன? வெறுங்காடு. அளக்கப் போயிருந்தால் அங்கேயும் 'ஒண்ணுமில்லை' என்றுதான் எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் இந்த மாதிரி ஈமக்குழிகளைச் சனங்கள் பாண்டியன் குழி என்பார்கள். கல்வட்டங்களுக்குப் பக்கத்திலேயே எங்கள் குழிமேடும் இருப்பதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். ஊரார் ஒதுக்கிவைத்த நிலத்தில்தானே எங்களைப் புதைக்க விட்டார்கள்! இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய சாவும், போன மாசத்துச் சாவும் ஒரே கல்லாங்குத்தில் கிடக்கின்றன. முன்னதைத் தொல்லியல் என்கிறோம். பின்னதைப் புறம்போக்கு என்கிறோம்.

கரூர்ப் பக்கத்துப் புகலூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஆறுநாட்டார் மலைக் குகையில் ஒரு சமணத் துறவிக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்ததைச் சொல்லும் தமிழ் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் சேரல் இரும்பொறை மரபில் மூன்று தலைமுறையின் பேர் வருகிறது. எம்.ஏ.வில் இதை உருப்போட்டுப் பரீட்சை எழுதினேன். இன்றைக்குப் புகலூர் என்றால் மின்துறைக்காரர்களுக்கு வேறொன்று ஞாபகம் வரும். சட்டீஸ்கரின் ராய்கரிலிருந்து புகலூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்பாதை. 1,700 கிலோமீட்டருக்கு மேல் நீளம், 6,000 மெகாவாட். 2020-21இல் ஓடத் தொடங்கியது. இந்த மாதிரிப் பாதைக்குக் கம்பிக்குக் கீழே 69 மீட்டர் அகலத்துக்கு வழி விட வேண்டும். அந்த அகலத்துக்குள் உயர்ந்த மரம் நிற்கக் கூடாது. பேர் மட்டும் சேரர் காலத்து ஊரின் பேர்.

காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் கொரங்காடு என்று ஒன்று உண்டு. வானம் பார்த்த மேய்ச்சல் நிலம். சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல் மரம், அதன் நிழலில் காங்கேயம் மாடு. இதைப் படம் பிடித்துப் போட்டு 'நம் பாரம்பரியம்' என்று பெருமைப்படுகிற அன்பர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி. கிளுவைப் போத்து வெட்டி நட்டு அந்த வேலியைப் போட்டது யார்? மாட்டை மேய்த்தது யார்? மாடு செத்தால் தூக்கிப்போய்த் தோலுரித்தது யார்? பாறையை உடைத்துக் கிணறு இறக்கியது யார்? அந்தக் கிணற்றில் கவலை இறைக்கத் தோல்பறி தைத்துக் கொடுத்தது யார்? மாதாரி. எங்க தாத்தன். அந்த நிலக்காட்சியில் எங்கள் கை படாத ஒரு சாண் இடம் கிடையாது. எங்கள் பேர் எழுதின ஒரு சாண் இடமும் கிடையாது.

மின்சாரத்தின் கதையும் எங்கள் பக்கத்தில் சாதிக் கதைதான். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு இறங்கியது. ஆலை ஓடியது. மெல்ல மெல்லக் கிணறுகளுக்கு மோட்டார் வந்தது. மோட்டார் வந்தபோது கவலை போனது. கவலை போனபோது தோல்பறி போனது. பறி தைத்துக் கொடுத்து வருஷக் கூலியாக வாங்கிய தவசமும் போனது. இழிதொழில் ஒழிந்தது என்று நான் சந்தோஷப்படுகிறவன்தான். ஆனால் அந்தத் தொழில் போன இடத்தில் எங்களுக்கு என்ன வந்தது? கரண்டு முதலில் தோட்டத்துக் கிணற்றுக்கு வந்தது, அப்புறம் தோட்டத்து வீட்டுக்கு வந்தது, அப்புறம் ஊருக்கு வந்தது. வளவுக்குக் கடைசியில் வந்தது. வந்ததும் குடிசைக்கு ஒரு குண்டு பல்பு. எங்கப்பன் பண்ணையத்தில் ராத்திரி மோட்டார் போட்டுத் தண்ணி கட்டிவிட்டு வந்து, சீமெண்ணெய் விளக்கு வெளிச்சத்தில் களி தின்றதை எங்கம்மா இன்னமும் சொல்லுவாள்.

அதனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் மின்சாரத்துக்கு எதிரி அல்ல. வெளிச்சம் வேண்டாம் என்று சொல்லுகிற சொகுசு எங்கள் வளவுக்குக் கிடையாது. பழைய கிராமம் அப்படியே இருக்க வேண்டும் என்று சொல்பவனும் அல்ல. அந்தப் பழைய கிராமத்தைக் கிராமம் என்ற பேரில் சாக்கடை என்று அம்பேத்கர் 1948இல் அரசியல் நிர்ணய சபையில் வைத்துச் சொல்லிவிட்டார். ஊர் கிழக்கே, வளவு தெற்கே, டீக்கடையில் தனி டம்ளர், கோயில் வாசலுக்கு வெளியே எங்கள் பறை. இதுவும் அந்த 'வரலாற்று நிலக்காட்சி'யின் பகுதிதான். மின்கோபுரம் வந்து அழகைக் கெடுத்துவிட்டது என்று கவிதை எழுதுகிற நகரத்து நண்பர்களே, அந்த அழகு எங்களுக்கு எப்போது அழகாக இருந்தது? ஆனால் அது எங்களுக்கு அசிங்கமாக இருந்தது என்பதனாலேயே எங்கள் உழைப்பையும் எங்கள் பிணங்களையும் கம்பெனிக்காரனுக்கு எழுதிக் கொடுத்துவிட வேண்டுமா? சாதி போக வேண்டும். குழிமேடு இருக்க வேண்டும். இது இரண்டையும் சேர்த்துச் சொல்ல எங்களால்தான் முடியும்.

2018 டிசம்பரில் கொங்கு மாவட்டங்களில் விவசாயிகள் உயர்மின் கோபுரங்களை எதிர்த்துத் தொடர் உண்ணாவிரதம் இருந்தார்கள். விளைநிலத்தில் கோபுரம் வேண்டாம், சாலையோரமாக நிலத்துக்கு அடியில் கேபிளாகக் கொண்டுபோ என்பது கோரிக்கை. சரியான கோரிக்கை. இதே ஜனம்தான் 1970இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிக்கு மூன்று பேரைக் கொடுத்தது. அந்த உயிர்களை நான் மதிக்கிறேன். அதனால்தான் நானும் நாலு தோழர்களும் அந்த மாதிரி ஒரு போராட்டப் பந்தலுக்குப் போனோம். எந்த ஊர்ப் பந்தல் என்பது வேண்டாம். உட்கார்ந்தோம், கோஷம் போட்டோம். மத்தியானம் ஒரு பெரியவர் கிட்டே வந்து தாழ்ந்த குரலில், கோபமே இல்லாமல், பிரியமாகக்கூட, "உங்களுக்குத்தான் பூமியே இல்லையேப்பா, நீங்க எதுக்கு வெயில்ல வந்து கஷ்டப்படறீங்க?" என்று கேட்டார்.

அளக்க வந்தவன் 'ஒண்ணுமில்லை' என்றான். பந்தல் போட்டவர் 'உங்களுக்கு ஒண்ணுமில்லையே' என்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் எவ்வளவு தூரம்? அந்தப் பந்தலில் அன்றைக்கு மேடையில் பேசியவர்களில் ஒருவர்கூடக் கூலியாட்களுக்கு என்ன நஷ்டஈடு என்று கேட்கவில்லை. தோப்பை வெட்டினால் தேங்காய் போடுகிறவனுக்கும் மட்டை உரிக்கிறவளுக்கும் வேலை போகிறது. மேய்ச்சல் புறம்போக்கில் கோபுரம் வந்தால் ஆடு வைத்திருக்கிற வளவுப் பெண்களின் பிழைப்பு போகிறது. தோட்டத்துக்காரர் தன் பட்டா நிலத்தைக் காப்பாற்றப் பாதையைத் தள்ளிப் போடச் சொல்கிறார். எங்கே தள்ளுவது? ஆள் பலம் இல்லாத பக்கம், கேஸ் போடாத பக்கம், 'ஒண்ணுமில்லாத' பக்கம். எங்கள் ஊரில் முதலில் அடித்த கல் தோப்புக்குள்தான் இருந்தது. அப்புறம்தான் அது நாலு அடி நகர்ந்து, பத்து அடி நகர்ந்து, எங்கள் அப்பத்தாவின் தலைமாட்டுக்கு வந்தது.

விவசாயிகள் சங்கத் தோழர்களே, இதைப் பிளவுபடுத்துகிற பேச்சு என்று சொல்லாதீர்கள். பிளவு ஏற்கெனவே இருக்கிறது. வளவைச் சேர்த்துக்கொண்டால்தான் உங்கள் போராட்டம் ஊர்ப் போராட்டம். இல்லையென்றால் அது பட்டாப் போராட்டம்.

நிலத்துக்கு அடியில் கொண்டுபோவது முடியாத காரியமா? செலவு பல மடங்கு என்பார்கள். உண்மைதான். எல்லாக் கம்பியையும் புதைக்கச் சொல்லவில்லை. ஆனால் புகலூரிலிருந்து கேரளத்துத் திருச்சூருக்குப் போகிற 320 கிலோவோல்ட் நேர்மின்பாதையைப் பாருங்கள். 2021 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்தது. தமிழ்நாட்டில் கோபுரத்தின் மேல் வருகிற மின்சாரம், கேரளத்துக்குள் வடக்கஞ்சேரியிலிருந்து திருச்சூர் வரை நிலத்துக்கு அடியில் போகிறது. அங்கே நிலம் நெருக்கடி, எதிர்ப்புப் பலம். ஒரே பாதை, ஒரே மின்சாரம். யார் குரலுக்குக் கனம் இருக்கிறதோ அங்கே கம்பி பூமிக்குள் போகிறது.

நமக்கு 1885 சட்டத்தை எழுதிக் கொடுத்த இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள்? டார்செட் மாவட்டத்தில், பழங்காலப் புதைமேடுகள் நிறைந்த குன்றுப் பகுதியில், 2022இல் 22 மின்கோபுரங்களைக் கழற்றி இறக்கினார்கள். ஏறக்குறைய 9 கிலோமீட்டருக்குக் கம்பியை நிலத்துக்குள் புதைத்துவிட்டார்கள். ஏன்? அந்த நிலத்தின் அழகு கெடுகிறது என்று! அவனுடைய பாட்டன் புதைமேடு அவனுக்கு அழகு. எங்கள் பாட்டி குழிமேடு கல்லாங்குத்து. இன்னொன்றும் சொல்கிறேன். ராஜஸ்தானிலும் குஜராத்திலும் கானமயில் கம்பியில் அடிபட்டுச் சாகிறது என்று, 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மின்பாதைகளை நிலத்துக்கு அடியில் போடச் சொன்னது. 2024 மார்ச்சில் அதைத் தளர்த்தியது. அந்தப் பறவை பிழைக்கட்டும். எனக்கு அதன் மேல் பொறாமை இல்லை. ஆனால் பறவைக்குக் கேட்ட காது சித்தப்பனுக்கு ஏன் கேட்கவில்லை?

கம்பியின் அந்தப் பக்கத்து முனையையும் மறக்கக் கூடாது. ராய்கர் நிலக்கரிப் பூமி. அங்கே தம்னார்ப் பக்கம் சுரங்கத்துக்காக ஆதிவாசிகளின் ஊரும் காடும் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கேயும் யாரோ ஒருவர் 'இங்க ஒண்ணுமில்லை' என்று இந்தியில் சொல்லியிருப்பார். ஒரு முனையில் ஆதிவாசியின் காடு, இந்த முனையில் எங்கள் கல்லாங்குத்து. நடுவில் ஆயிரத்து எழுநூறு கிலோமீட்டருக்குக் கம்பி. நம்மைச் சேர்த்துக் கட்டியிருப்பது அந்தக் கம்பிதான் என்றால், அதைப் பிடித்துக்கொண்டே அவர்களுக்குத் தோழமைச் சேதி அனுப்ப வேண்டியிருக்கிறது. காற்றாலை, சூரியஒளி என்று பச்சைப் பேர் வைத்தாலும் கம்பி போகிற வழி இதேதான். புகை வராத மின்சாரம் என்பதற்காக அது குழிமேட்டை மிதிக்கலாம் என்று ஆகிவிடாது.

என்ன கேட்கிறோம்? நாங்கள் கேட்பது சின்ன விஷயங்கள். ஒரு பாதைக்குக் கோடு போடுவதற்கு முன்னால் வளவுக்கு வந்து கேள். கிராமசபை என்று பேரளவில் கூட்டிக் கையெழுத்து வாங்காதே, வளவில் வந்து உட்கார்ந்து கேள். எங்கள் சுடுகாடுகளை, சாமி கும்பிடுகிற மரத்தை, மேய்ச்சல் தடத்தை முதலில் பதிவேட்டில் ஏற்று. ஈமக்குழியும் கல்வட்டமும் உள்ள காடுகளைத் தொல்லியல் துறை பார்த்து எழுதிக் கொடுத்த பிறகு கல் அடி. நஷ்டஈடு என்றால் கூலிக்காரனையும், குத்தகைக்காரனையும், ஆடு மேய்க்கிறவளையும் கணக்கில் எடு. நெடுஞ்சாலை ஓரம் இருக்கும்போது குழிமேட்டின் மேல் ஏறாதே. புதைக்க முடிகிற இடத்தில் கம்பியைப் புதை.

எழுதுகிற, படிக்கிற தோழர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அவரவர் வளவின், சேரியின் வரைபடத்தை நீங்களே போடுங்கள். எந்த மேட்டில் யார் படுத்திருக்கிறார்கள், எந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், எந்தத் தடத்தில் நம்மை நடக்கவிடவில்லை என்பதைக் கிழவிகளிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் போவதற்கு முன்னால் எழுதுங்கள். பதிவேட்டுக்காரன் எழுதமாட்டான். கல்வெட்டில் ராஜா பேர்தான் இருக்கும்.

போன மாசம் ராத்திரியில் அந்தக் கோபுரத்துக்குப் போனேன். கூட வந்த பசங்களில் ஒருவன் ஒரு பழைய குழல்விளக்கைக் கொண்டுவந்திருந்தான். கம்பிக்குக் கீழே நிமிர்த்திப் பிடித்தான். எந்த இணைப்பும் இல்லாமல் அது மங்கலாக எரிந்தது. பசங்க சிரித்தார்கள். வளவுத் தெருவிளக்கு அன்றைக்கு எரியவில்லை. அந்த வெளிச்சத்தில் நான் ஒரு புதுக் கல்லை நட்டேன். கோபுரத்துக் காலுக்குப் பக்கத்தில், எங்கம்மா கைகாட்டிய இடத்தில். இந்தத் தடவை கல்லில் எழுத்து இருக்கிறது. அப்பத்தாவின் பேர், அவள் மாமியாரின் பேர், அதற்குக் கீழே, பேர் தெரியாத மற்றவர்களும் இங்கே இருக்கிறார்கள் என்று ஒரு வரி.

அடுத்த முறை அளக்க வருகிறவன் வாசிக்கட்டும்.